நான் தீர்த்து வைத்த அறுப்புக் கூலித் தகராறு

சைக்காலஜி படிக்கிற பெண்ணிடம் ஊர் இரண்டே கேள்விகள்தான் கேட்கும். ஒன்று, "நான் இப்ப மனசுல என்ன நெனைக்கிறேன், சொல்லு பாப்போம்." இன்னொன்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க சின்ன மச்சானுக்கு ஒரு மாதிரியா இருக்கு, வந்து பாக்குறியா?" இரண்டுக்கும் பதில் தெரியாது என்று சொல்லிவிடுகிறவள் நிம்மதியாகப் படித்து முடிப்பாள். நான் சொல்ல மாட்டேன். லேசாகச் சிரித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பேன். அறிவாளிகள் அப்படித்தான் சாய்ப்பார்கள் என்று யாரோ சொன்னதாக ஞாபகம். பவர் இல்லாத மூக்குக்கண்ணாடி ஒன்றும் போட்டிருந்தேன்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது தொழில் உளவியல். வேலை செய்கிற இடத்தில் முதலாளி, மேஸ்திரி, தொழிலாளி இவர்களுடைய மனசு எப்படி ஓடுகிறது, ஏன் முட்டிக்கொள்கிறது என்று பார்க்கிற படிப்பு. அம்மாவின் அண்ணன் சவரிமுத்து மாமாவிடம் இதை ஒருமுறை விளக்கினேன்.

"மெஷினுக்கு ஏதும்மா மனசு?" என்றார்.

"மெஷினுக்கு இல்ல மாமா, அத ஓட்டுற ஆளுக்கு."

"அவனுக்குத்தான் சங்கம் இருக்கே. அப்புறம் மனசு எதுக்கு?"

மாமா மிராசுதார். ஊரிலேயே பெரிய பண்ணை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. கோட்டையில் ஒரு கட்சி, எங்கள் ஊர் டீக்கடையில் அதை எதிர்க்கிற கட்சி, வயலில் செங்கொடி என்று ஆளுக்கொரு கொடி பறந்த காலம். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு மாமா வீட்டில் தொட்டிலில் கிடந்த குழந்தைகள்கூட நிலச்சுவான்தார்கள் ஆகிவிட்டார்கள். என் பெயரிலும் ஒரு துண்டு நிலம் இருந்ததாகக் கேள்வி. (எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குக் காட்டவில்லை.)

ஆராய்ச்சிக்குத் தொழிற்சாலை வேண்டுமே. சென்னையில் நான் ஏறி இறங்காத கம்பெனி வாசல் இல்லை. "முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சண்டை இருந்தால் தீர்த்து வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுக்கொண்டு வருகிற இருபத்து நான்கு வயதுப் பெண்ணை எந்த மேனேஜர் உள்ளே விடுவான்? எல்லா இடத்திலும் வாட்ச்மேனோடு என் ஆராய்ச்சி முடிந்தது.

என் கையில் ஒரு முறை இருந்தது. இடமாற்றப் பயிற்சி என்று அதற்கு நானே தமிழில் பெயர் வைத்திருந்தேன். சண்டை போடுகிற இருவரும் நாற்காலி மாறி உட்கார வேண்டும். முதலாளி தொழிலாளியாகப் பேச வேண்டும், தொழிலாளி முதலாளியாகப் பேச வேண்டும். பெயர் மட்டும் அவரவருடையது. பத்து நிமிடத்தில் ஒருவர் கஷ்டம் மற்றவருக்குப் புரிந்து, கண்கள் கலங்கி, கை குலுக்கிக்கொள்வார்கள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. விடுதியில் குளியலறை வாளிக்குச் சண்டை போட்ட இரண்டு தோழிகளை வைத்து ஒத்திகை பார்த்தேன். (ஒருத்தி இன்னும் என்னோடு பேசுவதில்லை. சகுனம் பார்க்கத் தெரிந்தவளாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.)

புரட்டாசி கடைசியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் குறுவை நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, வயலில் ஒரு ஆள் இல்லை. வரப்பு மேலெல்லாம் செங்கொடி.

விஷயம் இதுதான். அறுப்புக்குக் கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள். அறுக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூடுதலாகப் போட வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர்கள் கேட்டார்கள். ஒரு மணி நெல்கூட ஏறாது என்றார்கள் மிராசுதார்கள். சங்கத்துக்குத் தலைவர் கலியபெருமாள். மிராசுதார்களுக்கு எங்கள் மாமா. பேச்சுவார்த்தை நடந்து நடந்து முறிந்துவிட்டது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். தொழிலாளர் தெருவில் அடுப்பு எரிந்து நாளாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். அதைவிட மோசமான சேதி ஒன்றும் இருந்தது. திங்கட்கிழமை லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துவிடுவது என்று மாமா கூட்டாளிகள் முடிவு செய்திருந்தார்கள். வெளியூர் ஆள் வயலில் இறங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அரிவாள் கதிரோடு நிற்காது.

எல்லோரும் திங்கட்கிழமையை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஆராய்ச்சிக் களம் வீடு தேடி வந்துவிட்ட சந்தோஷம்.

சனிக்கிழமை பிற்பகல், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பேச்சுவார்த்தை. நடத்தி வைக்க வந்தவர் தாசில்தார் ஷேக் தாவூத். தங்கமான மனிதர். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய், மிளகுக் கஷாயத்தை ஒரு பிளாஸ்க்கில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். நான் போய் என் முறையை விளக்கினேன். தலையையும் சாய்த்தேன்.

"இதுக்கு முன்னாடி எங்கயாவது செஞ்சிருக்கியாம்மா?" என்றார்.

"விடுதியில செஞ்சு பாத்திருக்கேன் சார்."

"தீர்ந்துச்சா?"

"அதுக்கப்புறம் அவங்க சண்டையே போடல சார்." (பேச்சே இல்லை என்றால் சண்டை எங்கிருந்து வரும்?)

தாசில்தார் கஷாயத்தை ஒரு மடக்குக் குடித்தார். "நானும் எல்லா வழியும் பாத்துட்டேன். இதையும் பாத்துருவோம்" என்றார்.

வகுப்பறைக்குள் நான், தாசில்தார், மாமா, கலியபெருமாள் நாலு பேர்தான். ஊர் முழுக்க வெளியே. கிழக்கே வேப்பமரத்தடியில் மிராசுதார்களும் அவர்கள் பிள்ளைகளும், மேற்கே கொடிமரத்தடியில் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக. உள்ளே பேசுவது எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். அது என் யோசனை. இரு தரப்பு மக்களும் நேரடியாகக் கேட்டால் புரிந்துணர்வு பெருகும் என்று நான்தான் மைக்செட்காரரை வரச் சொல்லியிருந்தேன்.

பயிற்சி என்றால் என்ன, விதிமுறை என்ன என்று இருவருக்கும் அழகாக விளக்கினேன். மைக்கில் என் குரல் கீச்சென்று கேட்கும் என்று வெட்கம். அதனால் விளக்கம் முடிகிறவரை மைக்கை அணைத்து வைத்திருந்தேன். விளக்கி முடித்து, இருவரையும் இடம் மாற்றி உட்கார வைத்து, மைக்கை நடுவில் நகர்த்தி, சுவிட்சைப் போட்டேன்.

இப்போது நீங்கள் எங்கே தலையில் கை வைத்தீர்களோ, அங்கே நான் பெருமையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

இன்னொன்றும் எனக்கு உறைக்கவில்லை. கலியபெருமாள் சங்க மேடையில் நாடகம் போடுகிறவர். மாமா வருஷா வருஷம் எங்கள் கோயில் பாஸ்கா நாடகத்தில் பிலாத்து. இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்துக் கை கழுவுகிற ஒரே காட்சிக்காகத் தவக்காலம் முழுக்க ஒத்திகை பார்க்கிற மனிதர். பெரிய வேஷம் ஒன்று கிடைக்காதா என்று அவருக்கு ரொம்ப நாள் ஏக்கம்.

ஆரம்பத்தில் இருவரும் கூச்சப்பட்டுக்கொண்டு பெஞ்சைப் பார்த்தார்கள். பிறகு கலியபெருமாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். கால்மேல் கால் போட்டார். இல்லாத வெற்றிலையை ஒரு பக்கக் கன்னத்துக்கு ஒதுக்கி, தொண்டையைச் செருமினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசல் மாமாவின் செருமல்.

"என்னடா சவரி! சங்கம் வச்சுட்டா கொம்பு மொளைச்சுருமோ?"

எங்கள் மாமாவை அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதிலும் 'டா' போட்டு. மாமாவின் காது மடல் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மெதுவாக இடுப்பில் கட்டினார். முதுகைக் கொஞ்சம் வளைத்தார்.

"இல்லீங்க ஐயா" என்றார், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில். "கொம்பு எங்கேருந்துங்க மொளைக்கும்? சோறு தின்னாத்தானே எதுவும் மொளைக்கும்."

அடடா! எனக்குப் புல்லரித்தது. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே கண்முன் எழுந்து நிற்பதுபோல இருந்தது.

"அரைப்படியா கேக்குற? இப்ப அளக்குறதே ஜாஸ்தி!" என்று மேஜையைத் தட்டினார் கலியபெருமாள். "அரைப்படியும் கெடையாது, ஆழாக்கும் கெடையாது. இன்னியிலேருந்து கலத்துக்குக் கால்படி கொறைச்சுத்தான் அளப்பேன். வந்தா வா, இல்லாட்டி லாரியில ஆள் வருது!"

"கொறைப்பீங்களா?" மாமா ஒரு எட்டு முன்னால் வந்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "சேத்துல நின்னு நின்னு காலு வெந்து போச்சுங்க. பச்சப்புள்ளய வரப்புல போட்டுட்டு எம் பொண்டாட்டி நடவு நட்டா. அந்த நெல்லு எங்க நெல்லு! அரைப்படி எந்த மூலைக்குங்க? கலத்துக்கு ஒரு படி கூடப் போடணும்! போட்டாத்தான் அரிவாளத் தொடுவோம்! இது சவரிமுத்து சொல்றேன்!"

தாசில்தார் கஷாயத்தை மறந்து, "பலே!" என்றார்.

வெளியே என்ன நடந்தது என்பதை எனக்குப் பிற்பாடு பலரும் சொன்னார்கள். குழாய் ஸ்பீக்கரில் முகமும் தெரியாது, நாற்காலி மாறியதும் தெரியாது, குரல் மட்டும்தானே. 'என்னடா சவரி' என்றதும் கொடிமரத்தடியில் விசில் பறந்திருக்கிறது. வேப்பமரத்தடியில் இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த நிமிடமே, கூலியைக் கால்படி குறைப்பேன் என்று தங்கள் தலைவர் வாயாலேயே கேட்டதும் விசில் அடித்தவர்களுக்கு வாய் அடைத்துவிட்டது. அதற்குள் ஒரு படி கூடுதலாகக் கேட்டு மிராசுதார் தலைவரே அழுகிறார். வேப்பமரத்தடியில் பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேரில் உட்கார்ந்துவிட்டாராம்.

"நேரம் முடிஞ்சுது" என்றேன் நான், கடிகாரத்தைப் பார்த்து.

அவர்கள் எங்கே நிறுத்தினார்கள்? நாடகம் உச்சத்தில் இருந்தது. இரண்டாவது தடவை சொல்ல வாயைத் திறந்தபோது கதவு அதிர்ந்தது. இரண்டு பக்க ஜன்னல் கம்பிகளிலும் முகங்கள்.

"யோவ் கலியபெருமாளு! எவ்வளவுய்யா வாங்குன?" இது மேற்கு ஜன்னல்.

"மாமா, உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? எங்க எல்லாரையும் மாட்டி வுட்டுட்டீங்களே!" இது கிழக்கு.

தாசில்தார் அந்த வயதிலும் பாய்ந்து எழுந்து ஒரு பெஞ்சை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். "ஏதாவது சொல்லும்மா! நீதானே ஆரம்பிச்ச!" என்று கத்தினார், அல்லது கத்த முயன்றார். தொண்டை வரவில்லை.

நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இதுபோன்ற நேரத்தில் தெளிவாகவும் சுருக்கமாகவும் பேச வேண்டும் என்று படித்திருக்கிறேன். தெளிவாகவும் சுருக்கமாகவும் பேசினேன்.

"அவங்க ரெண்டு பேரும் பேசுனது எதுவும் அவங்க பேசுனது இல்ல! எல்லாம் நான் பேச வச்சது!"

அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு ஜன்னல்களும் ஒரே குரலில் கேட்டன:

"யாரு அவ?"

அந்தக் குரலில் இருந்த ஒற்றுமையை எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. நான் மைக்கை அணைத்துவிட்டுக் கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

நாடகம் கலைந்துவிட்டது. மாமா இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கலியபெருமாள் நாற்காலியை விட்டு எழுந்து ஓரமாக நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"எடுத்துக்கிட்டேன்யா" என்றார் மாமா. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "நான் இப்புடியா பேசுறேன்?"

"இதைவிடக் கொஞ்சம் சத்தமா."

வெளியே கதவு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. கலியபெருமாள்தான் மறுபடி பேசினார்.

"நீங்க பேசுனதும் ஒண்ணும் சாதாரணமா இல்லீங்க. எங்க கூட்டத்துல அப்புடி ஒருத்தன் பேசுனா அவனைத்தான் தலைவராப் போடுவோம்."

மாமாவுக்கு அந்த நிலைமையிலும் முகம் மலர்ந்தது. "நெசமாவா? அந்த வரப்புப் புள்ள விஷயம் நல்லா வந்துச்சுல்ல?"

"இப்ப வெளியில போனா ரெண்டு பேரையும் கொன்னுடுவானுங்க" என்று ஞாபகப்படுத்தினார் தாசில்தார்.

அப்போதுதான் மாமா கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "கலியபெருமாளு, இங்க வா. என் ஆளுங்க காதுல நான் ஒரு படி கேட்டது வுழுந்துருச்சு. இப்ப நான் போய் அரைப்படிக்கு முடிச்சுட்டேன்னா என்ன சொல்லுவாங்க? பாதிய மிச்சம் புடிச்சுட்டான்னு சொல்லுவாங்க."

கலியபெருமாளுக்கு அது உடனே பிடிபட்டது. "என் ஆளுங்க காதுல கால்படி கொறையுதுன்னு வுழுந்திருக்கு. அரைப்படி கூட வாங்கிட்டேன்னா தோள்ல தூக்குவானுங்க."

"ஆனா நாம ஏன் அப்புடிப் பேசுனோம்னு கேப்பாங்களே?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன். அத்தனை நாள் பேச்சுவார்த்தையில் வராத புரிந்துணர்வு அதில் வந்திருந்தது.

"பாப்பாதான் சொல்லிடுச்சே" என்றார் கலியபெருமாள் மெல்ல. "எல்லாம் தான் பேச வச்சதுன்னு."

"ஆமா, அதே சொல்லிடுச்சு" என்றார் என்னைத் தூக்கி வளர்த்த மாமா.

தாசில்தார் அங்கேயே ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார். மாமா மைக்கைப் போட்டு, கலத்துக்கு அரைப்படி கூடுதல், நாளை மறுநாள் விடிந்ததும் அறுப்பு, வெளியூர் லாரி வராது என்று அறிவித்தார். பட்டணத்தில் படித்த பெண் ஏதோ மனோவசியம் செய்து எங்கள் இருவரையும் கண்டபடி உளற வைத்துவிட்டது, நாங்கள் இருவரும் சேர்ந்து போராடி அதிலிருந்து மீண்டுவிட்டோம் என்று கலியபெருமாள் விளக்கம் கொடுத்தார். இருபக்கமும் கைதட்டல் வானைப் பிளந்தது. ஒரு படியில் பாதி மிச்சம் என்று கிழக்கே சந்தோஷம். கால்படி போகிறது என்று பயந்த இடத்தில் அரைப்படி வந்தது என்று மேற்கே சந்தோஷம். ஊரில் அன்றைக்கு மனக்குறை உள்ள ஒரே ஆள் நான்தான்.

தாசில்தார் ஜீப்பில் பின்பக்கம் என்னைக் குனிந்து உட்காரச் சொல்லி, மெயின் ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டார். ஜீப் கிளம்பும்போது தொழிலாளர் பெண்கள் சிலர் என் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வசியம் கண் வழியாகத்தான் ஏறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கைப்பை, துணிமணி எல்லாம் ஒரு வாரம் கழித்துத்தான் விடுதிக்கு வந்து சேர்ந்தன. கூடவே அம்மா மந்திரித்து அனுப்பிய ஒரு வேளாங்கண்ணி எண்ணெய்ப் புட்டி.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். வெளியே சாய்ந்து கிடந்த கதிரைப் பார்த்தபோது, திங்கட்கிழமை லாரி வரப்போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அழுகை நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட எடுத்தேன். பைதான் இல்லையே, மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

சென்னையில் என் ஆராய்ச்சி வழிகாட்டி நான் எழுதிய அறிக்கையை மூக்கு நுனிக் கண்ணாடி வழியே படித்தார்.

"சமரசம் ஏற்பட்டிருக்கிறது. நல்லது. எதனால் ஏற்பட்டது?"

"என்மேல் இருந்த கோபத்தால் சார்."

"அப்படியானால் இந்த முறையை மற்றவர்கள் எப்படிப் பின்பற்றுவது? ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் உன்னை அனுப்புவதா?"

அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே யோசித்தார். அதுதான் எனக்கு வலித்தது. அப்புறம் நான் தலைப்பை மாற்றிக்கொண்டேன். ஒரு நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் தொழிலாளர்களின் தூக்கத்தைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன். தூங்குகிறவர்கள் யாரும் என் பேச்சைக் கேட்டு எதுவும் செய்துவிட மாட்டார்கள் என்ற தைரியம். கல்லூரியில் ஆசிரியையாகி, கல்யாணம் ஆகி, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாருக்காவது சண்டை வந்தால் சமாதானம் பேச யாரும் போவதில்லை. "ஸ்டெல்லாவக் கூப்பிடவா?" என்று என் பெயரைச் சொல்லி ஒருவர் கேட்டால் போதும். பாகப்பிரிவினையில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பிகள் அப்படித்தான் ஒரே வாரத்தில் ஒன்று சேர்ந்தார்கள். மருமகள் மாமியார் தகராறு வரைக்கும் இந்த வைத்தியம் கேட்கிறது. என் பிள்ளைகளே என் கணவரை இதைச் சொல்லி மிரட்டுகிறார்கள்.

மாமாவும் கலியபெருமாளும் அதற்குப் பிறகும் கூலிக்காகப் பலமுறை மோதிக்கொண்டார்கள். ஆனால் மோதல் முடிந்தால் சேர்ந்து டீ குடிப்பார்கள். கலியபெருமாளுக்கு அறுபது வயது ஆனபோது, அவர் மனைவியும் பெண்களும் பிடிவாதம் பிடித்துத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்கச் செங்கொடி பிடித்த மனிதர், மண்டபத்துக்கு வந்த பிறகு மாலை போட மாட்டேன், மணையில் உட்கார மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். மனைவி அழுதார், பெண்கள் கெஞ்சினார்கள். ஐயர் நல்ல நேரம் போகிறது என்று முணுமுணுத்தார். கல்யாண வீட்டில் ஜெபமாலையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து போய், அவர் காதோரம் குனிந்து சொன்னாராம்:

"கலியபெருமாளு, ஸ்டெல்லா வந்திருக்கு. வெளியில செருப்பு வுட்டுக்கிட்டு இருக்கு. பேசிப் பாக்கச் சொல்லவா?"

நான் செருப்பை விட்டுவிட்டு, காலை அலம்பிக்கொண்டு உள்ளே போனேன். அதற்குள் தாலியே கட்டி முடித்துவிட்டார்கள்.